ஒரு வீடியோ, ஒரு வேலை: கம்பெனி சேனலுக்குப் பயிற்சி வீடியோ எடுக்க முழுமையான வழிகாட்டி

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் போன் செய்தார். உள்ளே தண்ணீர் நிரப்பி போருக்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், இறக்க வேண்டிய சப்மெர்சிபிள் மோட்டார் (தண்ணீரில் மூழ்கி ஓடும் வகை) தரையில் நிற்கிறது, பைப் இறக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். "அண்ணா, உங்க வீடியோவைத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். தண்ணி எந்த ஓட்டையில ஊத்தோணும்னு மட்டும் சொல்லுங்ணா, போதும்" என்றார். அந்த வீடியோ 11 நிமிடம். தண்ணீர் ஊற்றும் காட்சி ஏழாவது நிமிடத்தில் வரும், அதுவும் தூரத்திலிருந்து எடுத்தது, நான்கே விநாடி. முதல் ஒன்றரை நிமிடம் முழுக்க லோகோ, ட்ரோனில் எடுத்த தொழிற்சாலைக் காட்சி, வரவேற்புரை.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் யூடியூப் சேனலுக்கு மெக்கானிக்குகளுக்கான வீடியோ எடுப்பது என் வேலை. அந்தப் போனுக்குப் பிறகு அந்த 11 நிமிடத்தை ஐந்து வேலைகளாகப் பிரித்து, ஐந்தையும் புதிதாக எடுத்தோம். அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கம்பெனி தையல் மெஷினோ, தண்ணீர் சுத்திகரிப்பானோ, பில்லிங் மென்பொருளோ எதை விற்றாலும், பயிற்சி வீடியோ பார்க்கிறவர் பெரும்பாலும் இந்த மெக்கானிக் மாதிரிதான் இருப்பார். வேலை பாதியில் நிற்கும், கை ஈரமாக இருக்கும், போன் ஒரு செங்கல்லில் சாய்ந்திருக்கும், வெயிலில் திரை சரியாகத் தெரியாது. ஒவ்வொரு முடிவையும் அவரை நினைத்துக்கொண்டு எடுங்கள்.

தலைப்பு சர்வீஸ் நோட்டில் இருக்கிறது

என்ன வீடியோ எடுக்கலாம் என்று கூட்டம் போட்டால், புது மாடலின் சிறப்பம்சங்கள்தான் பட்டியலில் முதலில் வரும். கூட்டத்துக்கு முன்னால் சர்வீஸ் பிரிவில் போன் எடுக்கும் பெண்ணிடம் போய் உட்காருங்கள். ஒரு மாத அழைப்புகளைப் புரட்டுங்கள். புகாரை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் இருந்தவை இவை: "மோட்டார் ஓடுது, தண்ணி வரல", "காத்து பிடிச்சுக்குது", "ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகுது", "புது மோட்டார், ரெண்டே மாசத்துல காயில் போயிருச்சு". எது அதிகம் வருகிறதோ அது முதல் வீடியோ.

அடுத்து, அந்தப் புகாரை ஒரு வேலையாக மாற்ற வேண்டும். "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்பதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். தரையில் நிற்கும் மோனோபிளாக் பம்பில் உறிஞ்சும் பைப்பில் காற்று இருக்கலாம், அந்தப் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு கசியலாம், மூன்று ஃபேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம், கிணற்றுத் தண்ணீர் பம்பிலிருந்து மிக ஆழத்துக்கு இறங்கியிருக்கலாம். இதில் ஒவ்வொன்றும் தனி வீடியோ. எல்லாவற்றையும் ஒன்றில் அடைத்தால், ஃபுட் வால்வு பிரச்சினைக்காக வந்தவர் ஃபேஸ் மாற்றும் பாடத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அவர் பார்க்க மாட்டார், மூடிவிடுவார்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். "இந்த வீடியோவைப் பார்த்தவர் ____ செய்வார்" என்ற வாக்கியத்தைப் பூர்த்தி செய்யுங்கள். "மோட்டாரில் காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி பிளக்கை மூடுவார்" என்று கையால் செய்யும் வேலை வந்தால் எடுக்கலாம். "மோட்டாரைப் பற்றித் தெரிந்துகொள்வார்" என்று வந்தால் தலைப்பு இன்னும் பழுக்கவில்லை.

நீளம் எவ்வளவு? எங்கள் வீடியோக்கள் இரண்டிலிருந்து நான்கு நிமிடம். எட்எக்ஸ் இணையப் பாடங்களைப் பற்றி 2014இல் வந்த ஓர் ஆய்வு, 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசியது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் மேசை முன் உட்கார்ந்து படிக்கும் மாணவர்கள். வெயிலில் நிற்கும் மெக்கானிக்கிடம் அந்த ஆறு நிமிடத்தைக்கூட எதிர்பார்க்காதீர்கள்.

கேமராவுக்கு முன்னால் ஒரு தாள்

என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதிய தொழிலாளர்களுக்கு வேகமாக வேலை கற்றுத்தர ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா போன்ற நிறுவனங்களில் ஊன்றிக்கொண்டது. அதில் பயன்படுத்திய ஒரு தாளை, பின்னாளில் காரணத்துக்கும் ஒரு கட்டம் சேர்ந்த வடிவில், நான் எடுத்துக்கொண்டேன். மூன்று கட்டங்கள்: முக்கியப் படி, அதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம், அதற்கான காரணம்.

தாளை நிரப்ப, அந்த வேலையை நன்றாகச் செய்யும் மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பேச வேண்டாம், வெறுமனே செய்யட்டும். அவர் கையையே பாருங்கள். எங்கள் கையேட்டில் "காற்று வெளியேறும் வரை சுத்தமான நீரால் நிரப்பவும்" என்று ஒரே வரி இருந்தது. எங்கள் மூத்தவர் செய்தபோது நான் பார்த்தது வேறு. மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தினார். மேலே இருந்த இரண்டு பிளக்குகளையும் கழற்றினார். ஒன்றில் மெல்லிய தாரையாக ஊற்றினார், மற்றதில் குமிழ் வந்தது. தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் மோட்டாரை இரண்டு கையாலும் பிடித்து லேசாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைத்தார். குளுக் என்று இன்னொரு பெரிய குமிழ் வந்து நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கியது. மறுபடி ஊற்றினார், மறுபடி அசைத்தார். மூன்றாவது முறை மட்டம் அசையவில்லை. அப்புறம்தான் பிளக்கைப் போட்டார்.

"ஏன் அசைக்கறீங்கண்ணா?" என்று கேட்டதற்கு, "காத்து மேல மட்டுமா இருக்கும்? வைண்டிங் சந்துல எல்லாம் ஒளிஞ்சிருக்கும்" என்றார். அந்த அசைவு எங்கள் கையேட்டில் இல்லை, பழைய 11 நிமிட வீடியோவிலும் இல்லை. நீர் நிரப்பும் வகை மோட்டாரில் பேரிங்குகளுக்கு உயவு தருவதும் சூட்டைக் கடத்துவதும் உள்ளே இருக்கும் அந்தத் தண்ணீர்தான். அது குறைந்தால் மோட்டாரின் ஆயுள் குறையும். அனுபவசாலிக்கு அந்த அசைவு மூச்சு விடுவது மாதிரி, அதனால் கேட்டாலும் சொல்ல மாட்டார். பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

தாளில் ஐந்து அல்லது ஆறு படிக்கு மேல் வந்தால் அது இரண்டு வீடியோ.

ஸ்கிரிப்ட்: காதால் எழுதுங்கள்

தாளை இரண்டு பத்தியாக விரியுங்கள். இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் குரல். முதலில் இடப்பக்கத்தை மட்டும் முழுதாக எழுதுங்கள். ஒலி இல்லாமலே வேலை புரிகிற மாதிரி படம் இருக்க வேண்டும். படத்தில் தெரியாததை மட்டும் குரல் சொன்னால் போதும்: காரணம், அளவு, எச்சரிக்கை.

மொழி பேச்சுத் தமிழாக இருக்கட்டும். "நீரினை நிரப்பியதன் பின்னர் அடைப்பானை இறுக்கவும்" என்று யாரும் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதில்லை. "தண்ணி ரொம்பின பிறகு பிளக்கை டைட் பண்ணிடுங்க" என்றுதான் சொல்வோம். பட்டறையில் பொருளுக்கு என்ன பெயரோ அதையே வையுங்கள். அதே நேரம், ஒரு பொருளுக்கு ஒரே பெயர்தான். மோட்டாரை ஆன் செய்யும் பெட்டியை முதலில் பேனல் போர்டு, பிறகு கன்ட்ரோல் பாக்ஸ், அப்புறம் ஸ்டார்ட்டர் என்று மூன்று பெயரில் கூப்பிட்டால், மூன்று பொருள் இருப்பதாகப் புதியவர் தேடுவார். வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறினால் முதல் தடவை மட்டும் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

முதல் பத்து விநாடியில் வணக்கமும் வேண்டாம், லோகோவும் வேண்டாம். என்ன வேலை, செய்யாவிட்டால் என்ன ஆகும், இரண்டே வாக்கியம். எங்களுடைய திருத்திய வீடியோ இப்படித் தொடங்குகிறது:

திரையில்: பிளக் ஓட்டைக்கு மிக அருகில், ஒரு குமிழ் வெடிக்கிறது.
குரல்: "மோட்டாரை போர்ல இறக்கறதுக்கு முன்னாடி உள்ளே தண்ணி முழுசா இருக்கணும். காத்து நின்னா பேரிங் தேஞ்சு மோட்டார் போயிடும். எப்படி நிரப்பறதுன்னு பாக்கலாம்."

திரையில்: மோட்டார் நிற்கிறது, இரண்டு பிளக்கையும் ஸ்பேனர் தொடுகிறது.
குரல்: "மோட்டாரை நேரா நிறுத்துங்க. மேல ரெண்டு பிளக் இருக்கு. ரெண்டையும் கழட்டுங்க. ஒண்ணுல தண்ணி போகும், இன்னொண்ணுல காத்து வெளிய வரும்."

எழுதியதும் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். நிதானமாக, கை வேலைக்கு இடம் விட்டுப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 90 சொல் வருகிறது. மூன்று நிமிட வீடியோ என்றால் 270 சொல்தான் என் வரம்பு. அதைத் தாண்டினால் வேகமாகப் பேசிச் சமாளிக்காமல் வெட்டுவேன்.

படம் எடுப்பது

கேமரா வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வருடப் பழைய நல்ல போன், ஆடாத ஒரு ஸ்டாண்ட், இவை போதும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், லென்ஸைத் துடையுங்கள். லென்ஸில் படிந்த விரல் ரேகையால் ஒரு நாள் படப்பிடிப்பு முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்.

கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எதிரில் வைத்தால் இடம் வலமாகிவிடும், பார்ப்பவர் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். செய்பவரின் தோளுக்குப் பின்னாலோ தலைக்கு மேலோ வைத்துக் கீழ்நோக்கி எடுங்கள். பார்க்கிறவருக்கு அது தன் கை மாதிரியே தெரியும். மின்சுற்று ஒன்றைப் பொருத்தக் கற்றுத்தந்து 2017இல் நடத்திய ஒரு சோதனையிலும், செய்பவர் கண்ணிலிருந்து எடுத்த வீடியோவைப் பார்த்தவர்களே எதிரிலிருந்து எடுத்ததைப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

ஒவ்வொரு படியையும் இரண்டு தடவை செய்யச் சொல்லி, ஒரு தடவை அகலமாக, ஒரு தடவை மிக அருகில் எடுங்கள். பிளக் ஓட்டை திரையின் பாதி அகலம் தெரிய வேண்டும். விரல் மறைத்தால் மறுபடி எடுங்கள். போன் தானாக ஒளியையும் குவியத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து இரண்டையும் பூட்டிவிடுங்கள்.

பட்டறை விளக்கில் எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. போன் கேமராவின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பட்டை போய்விடும். இதைவிட எளிது, பட்டறைக் கதவுப் பக்கம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வேலையை வைத்துக்கொள்வது.

செய்து காட்டுபவர் நிஜ மெக்கானிக்காக இருக்கட்டும், அவர் வழக்கமான சட்டையில். 2006இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் முளைத்த டிஜிட்டல் கிரீன் திட்டம், விவசாயிகளையே நடிக்கவைத்து விவசாயிகளுக்கு வீடியோ எடுத்தது. பார்த்தவர்கள் வீடியோவில் இருப்பவர் யார், எந்த ஊர் என்றுதான் விசாரித்தார்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. புத்தம் புது மோட்டாரைவிட, தூசி படிந்த மோட்டாரில் எடுத்தது எங்களுக்கு நன்றாக எடுபட்டது.

பாதுகாப்பை ஒருபோதும் குரலில் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பேனல் போர்டைத் திறக்கும் எந்த வீடியோவிலும் மெயினை அணைப்பது, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடுவது, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது, மூன்றும் காட்சியாக வர வேண்டும். தோட்டத்து லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைத்த பிறகு கரண்ட் வரும். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். இந்த ஷாட்டுகளை எடிட்டில் யார் கேட்டாலும் வெட்டாதீர்கள். நான் எடுக்கும் வீடியோக்களில் நீளத்துக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், இதை மட்டும் மாட்டேன்.

குரல்

படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். பட்டறையில் பேசிக்கொண்டே எடுப்பதை விட்டுவிட்டு, எடிட் முடிந்த படத்தைப் பார்த்துக்கொண்டே தனியாகப் பேசிப் பதியுங்கள். அதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. மெத்தையும் திரைச்சீலையும் இருக்கும் படுக்கையறையில் ஃபேனை அணைத்துவிட்டு, சட்டையில் குத்தும் சின்ன மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் போதும்.

ஆனால் வேலையின் சொந்த ஒலியை அழித்துவிடாதீர்கள். பம்ப் தண்ணீர் எடுக்கும்போது வரும் சத்தமும் காற்றுப் பிடித்து வெறுமனே ஓடும் சத்தமும் வேறு வேறு. மெக்கானிக் பாதி நோயைக் காதால்தான் கண்டுபிடிக்கிறார். அந்த இடத்தில் குரலை நிறுத்தி ஐந்து விநாடி அதைக் கேட்க விடுங்கள். பின்னணி இசை போட்டால் இதுதான் முதலில் மூழ்கும், அதனால் நாங்கள் இசையே போடுவதில்லை.

எடிட்

நடந்து வருவது, ஸ்பேனர் தேடுவது எல்லாவற்றையும் வெட்டுங்கள். நேரம் எடுக்கும் வேலையைச் சுருக்கினால் மட்டும் சுருக்கியதைச் சொல்லுங்கள். குமிழ் அடங்கும் வரை காத்திருக்கும் காட்சியை நாங்கள் ஒருமுறை இரண்டு விநாடியாக வெட்டினோம். பார்த்த பையன் இரண்டு விநாடி பார்த்துவிட்டுப் பிளக்கை மூடினான். அவன் மேல் தவறில்லை, நாங்கள் காட்டியதைத்தான் செய்தான்.

திரையில் எழுத்து குறைவாக இருக்கட்டும். பொருளின் பெயர், அளவு, படி எண், இவ்வளவுதான். குரல் சொல்லும் முழு வாக்கியத்தையும் எழுத்தாகவும் ஓட்டினால் கண் எழுத்துக்குப் போய்விடும், கை செய்வதைப் பார்க்காது. படத்தோடு விளக்கத்தைக் காதால் கேட்பதே போதும், அதே வாக்கியங்களைத் திரையிலும் நிரப்பினால் கற்பது குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சத்தமான இடத்தில் பார்ப்பவர்களுக்காக எஸ்ஆர்டி கோப்பாக (வசனமும் அது வரும் நேரமும் மட்டும் இருக்கும் எழுத்துக் கோப்பு) தனி வசனம் ஏற்றுங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்வார்.

சில எடிட்டிங் செயலிகளில் தமிழ் எழுத்து உடையும், கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும். யூனிகோட் எழுத்துரு, உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழ், போட்டுப் பாருங்கள். அப்படியும் உடைந்தால் எழுத்தைப் படமாக்கி ஒட்டுங்கள். முடித்த வீடியோவை ஒரு தடவை வெயிலில் நின்று போனில் பாருங்கள்.

ஏற்றும் முன் ஒருவர் கையில் கொடுங்கள்

இந்த வேலையைச் செய்தே இராத ஒருவர், ஒரு மோட்டார், போனில் உங்கள் வீடியோ. நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் கை எங்கே தயங்குகிறது, எங்கே வீடியோவைப் பின்னுக்குத் தள்ளுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். தயங்கிய இடத்தை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டுங்கள். இரண்டு பேரிடம் சோதித்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும்.

சேனலில் வைப்பது

தலைப்பு, மெக்கானிக் தேடும் வார்த்தையில் இருக்கட்டும். "சப்மெர்சிபிள் மோட்டாரில் தண்ணீர் நிரப்புவது எப்படி?" என்று வைத்து, கம்பெனி பெயரையும் மாடலையும் கடைசியில் போடுங்கள். முகப்புப் படத்தில் அந்த ஓட்டையும் கையும் தெரியட்டும்.

படுக்கைவாட்டில் எடுப்பதா, செங்குத்தாக எடுப்பதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். 2024 அக்டோபர் 15 முதல், மூன்று நிமிடம் வரையுள்ள செங்குத்து அல்லது சதுர வீடியோக்களை யூடியூப் ஷார்ட்ஸாக எடுத்துக்கொள்கிறது. ஷார்ட்ஸ் புது ஆட்களிடம் போய்ச் சேரும். ஆனால் வேலை நடுவில் தேடி எடுத்து, நிறுத்தி, பின்னுக்குத் தள்ளிப் பார்க்க படுக்கைவாட்டு வீடியோதான் வசதி. பயிற்சியை நாங்கள் படுக்கைவாட்டில் வைத்து, அதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் 30 விநாடி ஷார்ட்ஸாகத் தனியே போடுகிறோம்.

விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புகள் எழுதினால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரியும். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீள வேண்டும். பல்லடத்து மெக்கானிக் நேராக "தண்ணீர் ஊற்றும் இடம்" என்பதைத் தொட்டுப் போய்விடலாம். டீலர்களுக்கு மட்டுமான வீடியோ என்றால் "அன்லிஸ்டட்" (தேடலில் வராது) என்று வைத்து இணைப்பை அனுப்பலாம். ஆனால் இணைப்பு கிடைத்த யாரும் பார்க்க முடியும், ஆகவே ரகசியமான எதையும் அதில் வைக்காதீர்கள்.

மோட்டார் பெட்டியிலும் பேனல் போர்டின் உள்மூடியிலும் க்யூஆர் கோடு ஒட்டுங்கள். அதில் யூடியூப் இணைப்பை நேரடியாக அச்சடிக்க வேண்டாம். ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் வேறு கோப்பாக மாற்ற யூடியூப் விடாது. திருத்திய வீடியோ புது இணைப்பில்தான் வரும், பழைய கோடு ஆயிரம் பெட்டியில் அச்சாகியிருக்கும். கோடு உங்கள் கம்பெனி இணையதளத்தின் ஒரு பக்கத்துக்குப் போகட்டும், அங்கிருந்து வீடியோவுக்குத் திருப்பிவிடுங்கள். சிக்னல் இல்லாத தோட்டங்களுக்காக, வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குச் சிறிய கோப்பு ஒன்றும் டீலரிடம் இருக்கட்டும்.

வெளியான ஒரு மாதம் கழித்து

பார்வை எண்ணிக்கையை மேலதிகாரி கேட்பார், சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எந்த விநாடி வரை நின்றார் என்று காட்டும் வரைபடம். ஒரு இடத்தில் கோடு திடீரென்று சரிந்தால் அங்கே நீங்கள் வளவளத்திருக்கிறீர்கள். மேடு தட்டினால் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீடியோவில் மோட்டாரை அசைக்கும் இடத்தில் ஒரு மேடு வந்தது. முக்கியமான இடம் என்பதால் பார்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தோம். கமெண்ட்டில் ஒருவர், "எவ்வளவு சாய்க்கணும்ணா?" என்று கேட்டிருந்தார். தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்ததில் சாய்வு தெரியவே இல்லை. பக்கவாட்டில் கேமராவை வைத்து, மோட்டாருக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் நேர்கோடு ஒன்று போட்டு, அந்த ஆறு விநாடியை மட்டும் மறுபடி எடுத்தோம். புது வீடியோவை ஏற்றி, க்யூஆர் பக்கத்தில் இணைப்பை மாற்றி, கேட்டவருக்குப் பதிலாக அந்த விநாடியைக் குறித்து அனுப்பினோம்.